எஸ்ஏபி ஆர்இ-எஃப்எக்ஸ்: வாடகைக் கட்டடங்களுக்குக் கெட்டி, சொந்த நிலத்துக்கு அரைகுறை

ஆர்இ-எஃப்எக்ஸ் என்பது எஸ்ஏபி என்ற நிறுவனக் கணக்கு மென்பொருளில் நிலம், கட்டடம், வாடகை ஒப்பந்தங்களைக் கையாளும் பகுதி. எஸ்ஏபியில் ஏற்கெனவே கணக்கு எழுதும் நிறுவனம், கிளை, கிடங்கு, ஷோரூம் என்று நூறு இடங்களை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தால், ஆர்இ-எஃப்எக்ஸ் அதற்குப் பொருத்தமான கருவி. இருபது ஒப்பந்தங்களுக்குள் இருந்தால் ஒழுங்காகப் பராமரிக்கும் எக்செல் போதும். இண்ட் ஏஎஸ் (பெரிய நிறுவனங்களுக்கான இந்தியக் கணக்குத் தரநிலைகள்) பொருந்தாத சிறு நிறுவனங்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அவை வாடகையைச் செலவாக எழுதிவிட்டுப் போகலாம்.

குத்தகைக்கான தரநிலையான இண்ட் ஏஎஸ் 116, 2019 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, இனிக் கட்டப்போகும் வாடகையின் இன்றைய மதிப்பைக் குத்தகைக் கடனாகவும், கட்டடத்தைப் பயன்படுத்தும் உரிமையைச் சொத்தாகவும் பேலன்ஸ் ஷீட்டில் காட்ட வேண்டும். 12 மாதத்துக்குள் முடியும் ஒப்பந்தங்களுக்கு விலக்கு பெறலாம். இந்தக் கணக்கை ஆர்இ-எஃப்எக்ஸ் தானே போடும். ஆனால் நாம் கொடுக்கும் தேதியையும் தொகையையும் அப்படியே நம்பிப் போடும். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

மாதம் 10 லட்சம் வாடகை, 3 ஆண்டு லாக்-இன் (நடுவில் காலி செய்ய முடியாத காலம்), அதன் பிறகு 15 சதவீத எஸ்கலேஷன் (வாடகை உயர்வு), மொத்தம் 5 ஆண்டு என்று ஓர் அலுவலக ஒப்பந்தம். கடன் வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், வாடகை மாத முடிவில் என்று வையுங்கள். லாக்-இன் முடியும் தேதியையே முடிவுத் தேதியாகக் கொடுத்தால் கடன் சுமார் 3.14 கோடி. ஐந்து ஆண்டும் கொடுத்து எஸ்கலேஷனை விட்டுவிட்டால் 4.82 கோடி. 37ஆம் மாதத்திலிருந்து 11.5 லட்சம் என்பதையும் முதல் நாளே ஏற்றினால் 5.07 கோடி. ஒரே ஒப்பந்தத்துக்கு மூன்று எண்கள். உள்ளலங்கார வேலைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்த நிறுவனம் லாக்-இன் முடிந்த மறுநாள் காலி செய்யப்போவதில்லை. அதனால் ஆடிட்டர் மூன்றாவதைத்தான் ஏற்பார். முன்கூட்டியே தெரிந்த உயர்வு முதல் நாளே கணக்கில் வர வேண்டும். விலைவாசிக் குறியீட்டோடு கட்டப்பட்ட உயர்வு மட்டும் மாறும்போது வந்தால் போதும்.

முடிவுத் தேதியை யார் தீர்மானிப்பது என்பதை நிதிப் பிரிவும் அட்மின் பிரிவும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மென்பொருளில் அதற்கொரு கட்டம்தான் இருக்கிறது, மூளை இல்லை. ஒப்பந்தக் காலம் பிற்பாடு மாறினால் வட்டி விகிதத்தை மாறிய தேதியிலிருந்து புதிய வரிசையாகச் சேர்க்க வேண்டும். பழையதன் மேலேயே எழுதினால் முடிந்துபோன மாதங்களின் கணக்கும் கலையும்.

வாடகை, பொதுப் பராமரிப்புக் கட்டணம், கார் பார்க்கிங் மூன்றையும் ஒரே தொகையாக ஏற்றுவது அடுத்த வழக்கமான பிழை. தனித்தனி நிபந்தனை வகைகளாக (மென்பொருளில் ஒவ்வொரு கட்டணத்துக்கும் இருக்கும் தலைப்பு) பிரித்தால்தான் பராமரிப்புக் கட்டணத்தைக் குத்தகைக் கடனுக்கு வெளியே நிறுத்த முடியும். ஜிஎஸ்டியும் அதில் சேரக் கூடாது. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாத உரிமையாளரிடம் வணிகக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்தால் 18 சதவீத வரியை ரிவர்ஸ் சார்ஜில் ஜிஎஸ்டி பதிவுள்ள வாடகைதாரரே கட்ட வேண்டும். ஆகவே வரிக் குறியீடு ஊருக்கு ஊர் அல்ல, உரிமையாளருக்கு உரிமையாளர் மாறும். டிடிஎஸ் (வாடகையிலிருந்து பிடித்துக் கட்டும் வருமான வரி) ஜிஎஸ்டி நீங்கலான வாடகையில் 10 சதவீதம். அண்ணன் தம்பி மூவர் பெயரில் இருக்கும் கட்டடம் என்றால், அவரவர் பங்குக்குத் தனித்தனியாகப் பணம் போகும்படி ஒரே ஒப்பந்தத்துக்குள் அமைப்பது நல்லது. மூன்று ஒப்பந்தங்களாக உடைத்தால் ஒரு கட்டடத்துக்கு மூன்று சொத்துகள் முளைக்கும்.

மாத முடிவில் ஓட்ட வேண்டியவை மூன்று: உரிமையாளர்களுக்கான காலமுறைப் பதிவு (அந்த மாத வாடகை), குத்தகை மதிப்பீட்டுப் பதிவு (குத்தகைக் கடனும் வட்டியும்), கடைசியாகத் தேய்மானம். முதல் இரண்டையும் சிமுலேஷனில் (முன்னோட்டத்தில்) ஓட்டிப் பார்க்காமல் பதியாதீர்கள். இரண்டும் முடிந்ததும் அந்த இரண்டு பதிவுகளையும் இணைக்கும் இடைக்கணக்கின் மீதி பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஒரு நிபந்தனை வகை மதிப்பீட்டில் சேராமல் நேராக வாடகைச் செலவுக்குப் போகிறது என்று சந்தேகிக்கலாம்.

பரப்பளவுக்குப் பல அளவு வகைகளை வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. நம் ஊரில் இது உண்மையிலேயே உதவும். 20,000 சதுர அடி சூப்பர் பில்ட்-அப் (பொது இடங்களின் பங்கும் சேர்ந்த அளவு) என்று எழுதிய இடத்தில் கார்ப்பெட் (உள்ளே பயன்படும் பரப்பு) 75 சதவீதம்தான் என்றால் கையில் கிடைப்பது 15,000. சதுர அடிக்கு 60 ரூபாய் என்று பேசிய வாடகை அங்கே 80 ஆகிறது. இரண்டையும் ஏற்றி வைத்தால்தான் கிளைகளை ஒப்பிட முடியும்.

சொந்த நிலத்துக்கு வந்தால் மதிப்பெண் சட்டென்று இறங்குகிறது. நிலத் துண்டு, நிலப் பதிவேடு என்ற பகுதிகள் இருக்கின்றன, ஆனால் அவை ஜெர்மனியின் நிலப் பதிவேட்டு முறையை மனத்தில் வைத்து வந்தவை. அங்கே அரசுப் பதிவேட்டில் இருக்கும் பெயரை நம்பி வாங்கலாம். இங்கே பட்டா ஓரிடம், பத்திரம் ஓரிடம், வில்லங்கச் சான்றிதழ் இன்னோரிடம். மூன்றும் ஒத்துப்போனால்தான் நிம்மதி. சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், தாய்ப்பத்திரம், அரையாண்டுச் சொத்து வரி ரசீது ஆகியவற்றுக்குக் கூடுதல் கட்டங்களை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாத இடங்களில் நிலம் ஒரு சொத்து எண்ணாக மட்டும் நிற்கும். வேலி நகர்ந்தாலும் கணக்கில் தெரியாது. அலுவலகத்தில் எத்தனை மேசை காலியாகக் கிடக்கிறது என்பதற்கும் இதில் பதில் கிடைக்காது.

மென்பொருளை அமல்படுத்த வருபவர்கள் கட்டடம், தளம், அறை வரை கிளை பிரியும் முழு மரத்தையும் கட்டலாம் என்பார்கள். வாடகைக்கு எடுப்பவருக்கு அது வீண் செலவு. ஓர் ஒப்பந்தம், அதன்கீழ் ஒரு வாடகைப் பொருள் (இடத்துக்கான பதிவு), காஸ்ட் சென்டர் (செலவு ஏறும் பிரிவு), அவ்வளவு போதும். மாடியைத் துண்டு போட்டு உள்வாடகைக்கு விடுபவர்களுக்குத்தான் மரம் வேண்டும்.

அமல்படுத்துபவர்களோடு கையெழுத்திடும் முன் உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான மூன்று ஒப்பந்தங்களை, முக்கியமாக நடுவில் காலம் நீட்டிய ஒன்றை, அவர்கள் சோதனைத் தளத்தில் ஏற்றச் சொல்லி, வரும் எண்களை ஆடிட்டரின் எக்செலோடு ஒப்பிடுங்கள். நூறு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் காரணம் கேளுங்கள். இன்றைய மதிப்புக்குக் குறைப்பது நாள் கணக்கிலா மாதக் கணக்கிலா என்பதில்தான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும், பின்னால் மாற்றுவது கடினம்.