புறாமலைக்கு ஒரு போட், பற்றுச்சீட்டோடு

முதலே சொல்லிவிடுகிறேன்: நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குக் கூட்டிப்போகும் ஒரு போட்டுக்கு என் புள்ளி ஐந்துக்கு நாலு. அந்த ஒன்று ஏன் குறைந்தது என்பது கடைசியில் வரும். பெண்பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை வாசிக்காமல் புறப்பட வேண்டாம்.

நான் அரச அலுவலகம் ஒன்றில் 31 வருசம் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவள். இப்போது திருகோணமலை நகரத்துக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருக்கிறேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்தும் புறாமலைக்கு இதற்கு முன் இரண்டு தரம்தான் போயிருக்கிறேன். ஊர்க்காரருக்கு ஊர்ப் புதினம் விருந்தாளி வந்தால்தானே.

விருந்தாளி வந்தது ஆனியில். தங்கச்சியின் மகளும் அவள் கலியாணம் கட்டிய ஜேர்மன்காரப் பிள்ளையும். பிள்ளை மியூனிக்கில் பிறந்தவன், இலங்கைக்கு முதல் தரம். விறாந்தையில் இருந்து பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, வருவதற்கு முன் எங்கள் நாட்டைப் பற்றித் தான் என்னென்ன பார்த்தான் என்று சொன்னான். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகள். 2022இல் பெற்றோல் வரிசை, ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகத்தில் சனம் இறங்கிக் குளித்தது. மூன்றாவது, வடை. 2024இல் களுத்துறையில் வெளிநாட்டவர் ஒருவரிடம் வடைக்கும் பிளேன்ரீக்கும் யானை விலை கேட்ட காணொளி. கோணேசர் கோவிலும் பிரெட்றிக் கோட்டையும் கன்னியாவின் ஏழு கிணறுகளும் அவனுக்குத் தெரியாது. வடை தெரியும். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அடுத்த நாளே அதற்கு ஒரு சின்ன நிரூபணமும் கிடைத்தது. நகரத்திலிருந்து வீட்டுக்கு வர ஆட்டோ பிடிக்கப் போனவனிடம் ஒருவர் கேட்ட காசுக்கு நான் கந்தளாய்க்குப் போய்த் திரும்பி வந்திருப்பேன். நான் பின்னால் வந்து தமிழில் கேட்டதும் விலை மூன்றில் ஒன்றாக இறங்கியது. மருமகன் கோபிக்கவில்லை. "பெரியம்மா, வடை," என்றான், தமிழில்.

அதனால் நிலாவெளிக்குப் போகும்போது நான் வாளை உருவிக்கொண்டுதான் போனேன். காலை ஆறரை. கரையில் நாலைந்து பேர் வழக்கம்போல் சூழ்ந்தார்கள், ஆளைப் பார்த்து ஒரு விலை, ஆளோடு வந்த ஆளைப் பார்த்து இன்னொரு விலை. கொஞ்சம் தள்ளி ஒரு தென்னோலைப் பந்தல். அதில் ஒரு பலகை. மூன்று மொழியிலும் எழுதி, தொகையை மட்டும் சோக்கினால் போட்டிருந்தது. ஏன் சோக் என்று கேட்டேன். "மண்ணெண்ணெய் ஏறினா அழிச்சு எழுதுறன், இறங்கினாலும் அழிச்சு எழுதுறன்," என்றார் போட்காரர். இறங்கினாலும் என்ற சொல்லில்தான் நான் வாளை உறைக்குள் போட்டேன்.

காசை வாங்கியதும் கார்பன் தாள் வைத்த புத்தகத்தில் திகதி, எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், எவ்வளவு என்று எழுதிக் கிழித்துத் தந்தார். கையெழுத்து கோழி கிண்டினது மாதிரி, கூட்டுத்தொகை சரி. வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு தனி, அது தன்னிடம் இல்லை, கவுண்டரில் எடுக்கவேண்டும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் கட்டணம் வேறு என்பதையும் போட் விலை பேசுவதற்கு முன்னமே சொல்லிவிட்டார். பாதிப் பேர் இதைக் கரையை விட்டு வெளிக்கிட்ட பிறகுதான் சொல்வார்கள்.

பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "மிஸ், நீங்கள் கந்தோரில இருந்தனீங்கள் எல்லே? சுனாமி வீட்டுக் காசுக்கு வந்து உங்கட மேசைக்கு முன்னால நிண்டிருக்கிறன்."

எனக்கு நினைவில்லை. அந்த வருசம் எத்தனை முகம். "நான் ஒழுங்காக் கதைச்சனானா?" என்று கேட்டேன்.

"ஓம், நல்லாக் கதைச்சனீங்கள். ஆனா மூண்டு தரம் வரப் பண்ணினனீங்கள்."

போட் ஏறும்வரை நான் வாய் திறக்கவில்லை.

புறாமலை கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். பெரியதும் சிறியதுமாய் இரண்டு தீவு. வெள்ளைக்காரன் காலத்தில் சுட்டுப் பழகுவதற்கு வைத்திருந்த இடம், 2003இல் தேசிய பூங்காவானது. பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். ஆனால் இவர் எஞ்சினை முடுக்குவதற்கு முன் ஒவ்வொருவரின் லைஃப் ஜாக்கெட் கொக்கியையும் தானே இழுத்துப் பார்த்தார். பொலித்தீன் பையையெல்லாம் வாங்கிப் போட்டின் அணியத்தில் இருந்த பெட்டிக்குள் போட்டார். முருகைக்கல்லில் கால் வைத்தால் திருப்பிக் கொண்டுவந்து கரையில் விட்டுவிடுவேன், காசும் தரமாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த ஒரு வசனத்தை மட்டும் பாடமாக்கி வைத்திருக்கிறார் போல, பிசிறில்லாமல் வந்தது.

தண்ணீருக்குள் மருமகனும் தங்கச்சியின் மகளும் சிறு சுறாக்களைக் கண்டார்கள், செட்டை நுனியில் மை தொட்டது மாதிரிக் கறுப்பு. ஒன்றும் செய்யாது. ஆமை ஒன்று மேலே வந்தபோது பக்கத்துப் போட் விரட்டிக்கொண்டு போனது. இவர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுச் சும்மா இருந்தார். ஆமை எங்கள் பக்கம் வந்தது என்று எழுத ஆசைதான், வரவில்லை.

திரும்பும்போது மருமகன் திமிங்கிலம் காட்டுவாரா என்று கேட்டான். "அது என்ர சம்பளத்துக்கு நிக்கிற ஆள் இல்லை, தம்பி. வந்தா காட்டுவன்," என்றார். மொழிபெயர்த்துச் சொன்னதும் பொடியன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த நாள் விடியப்புறம் அதற்கும் காசு கட்டிப் போனான். காணவில்லை. முறையிடவும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் வழி விலகுகிறேன். தன்னால் முடியாததைச் சொல்லாத இந்தப் போட்காரருக்கு நேர்மாறாகவே எங்கள் நாடு விளம்பரம் செய்துவந்திருக்கிறது. ஒரு காலம் சின்ன அதிசயம், பிறகு ஆசியாவின் அதிசயம், 2018 கடைசியில் லண்டன் கண்காட்சியில் வைத்து 'சோ ஸ்ரீலங்கா'. அடுத்த ஏப்ரலில் குண்டு வெடித்தது. 2018இல் 23 இலட்சம் பேர் வந்த நாட்டுக்கு, கொரோனாவும் சேர, 2021இல் இரண்டு இலட்சமும் தேறவில்லை. 2024இல் மறுபடி 20 இலட்சம் தாண்டியது. கூட்டிக் கொண்டுவந்தது சுலோகமா, போய்வந்தவர்கள் வீட்டில் சொன்ன கதையா என்று என்னைக் கேட்டால், நான் கார்பன் புத்தகத்தின் பக்கம்.

மருமகன் ருவாண்டாவுக்குப் போனவன். கிகாலி விமான நிலையத்தில் பயணப் பெட்டியிலிருந்த பொலித்தீன் பைகளைப் பறித்துவிட்டார்களாம். அங்கே 2008இலிருந்து தடை. மாதக் கடைசிச் சனிக்கிழமை நாடு முழுவதும் சனம் இறங்கிச் சிரமதானம் செய்கிறது. "தெருவைப் பார்த்துத்தான் நம்பினேன்," என்றான். அதே நாடு 'ருவாண்டாவுக்கு வாருங்கள்' என்று எழுதுவிக்க 2018இலிருந்து ஆர்சனல் என்ற லண்டன் உதைபந்தாட்டக் கழகத்தின் காற்சட்டைக்கு, இல்லை, மேற்சட்டைக் கைக்குக் காசு கொட்டியது, 2023இல் அவனுடைய பயேர்ன் மியூனிக் கழகத்தோடும் ஒப்பந்தம் போட்டது. 2025 தொடக்கத்தில் கொங்கோவின் கோமா நகரை ருவாண்டா ஆதரிக்கும் எம்23 கிளர்ச்சிக்காரர் பிடித்தபின், பயேர்ன் ரசிகர்களே மைதானத்தில் அந்த ஒப்பந்தத்துக்கு எதிராகப் பதாகை பிடித்தார்கள். பொலித்தீன் பையால் வந்த மதிப்பு அவனிடம் இன்னும் இருக்கிறது. மேற்சட்டையால் வந்தது போய்விட்டது.

அன்று பின்னேரம் கோட்டை வாசலில் மான் பார்த்தோம். ஒன்று பொலித்தீனை மென்றுகொண்டு நின்றது. பிறகு கடற்கரை வீதியில் கச்சான் வாங்கிக்கொண்டு நடந்தோம். காந்தி சிலையடியில் மருமகன் நின்றான். அவன் அதையும் வாசித்திருக்கிறான்: 2006 ஜனவரி 2, அந்த இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து தமிழ் மாணவர்கள். வழக்கு என்ன ஆனது என்று கேட்டான். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் சாட்சி போதாதென்று விடுவிக்கப்பட்டார்கள் என்றேன். அவன் வேறொன்றும் கேட்கவில்லை. கச்சானை யாரும் பிறகு தின்னவில்லை. இதற்கு எந்த விளம்பரக் கம்பனியிடம் என்ன சுலோகம் எழுதி வாங்குவது?

சரி, போட்டுக்கு வருவோம். குறைந்த ஒரு புள்ளி இதற்கு: பந்தலில் உடுப்பு மாற்ற மறைப்பு இல்லை. தங்கச்சியின் மகள் ஈரத்தோடு துவாயைச் சுற்றிக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றாள், நான் சேலைத்தலைப்பை விரித்துப் பிடித்தேன். சொன்னேன். "நாலு தகரம் போதும் மிஸ், அடுத்த மாசம் அடிக்கிறன்," என்றார். மூன்று தரம் வரப்பண்ணவேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இரவலாகத் தருகிற நீச்சல் கண்ணாடிகளில் இரண்டு ஒழுகின. சொந்தமாக இருந்தால் கொண்டுபோங்கள். ஏழரைக்குப் பிறகு கூட்டம். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாள்களைத் தவிருங்கள். மாரிக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், வைகாசியிலிருந்து ஆவணி வரை நல்லது. சாப்பாடு கொண்டுபோக வேண்டாம், திரும்பி வந்து வீதிக்கு இந்தப் பக்கம் எந்தக் கடையிலும் மீன் குழம்போடு சோறு கிடைக்கும், விலையைக் கேட்டுவிட்டு இருங்கள். பந்தல் எது என்று கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை: சோக்கால் விலை எழுதிய பலகை அங்கே ஒன்றுதான்.