பைத்தானா, ஜாவாஸ்கிரிப்டா: முதல் மொழியைத் தவறுகளைக் கொண்டு தேர்ந்தெடுத்தல்

நிரல் எழுதக் கற்க முதல் மொழியாக எதை எடுப்பது என்ற கேள்வி இன்று பெரும்பாலும் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்ற இரண்டில் வந்து நிற்கிறது. நான் பைத்தானில் தொடங்கி, இணையப் பக்கம் ஒன்றைச் செய்ய வேண்டிய தேவை வந்தபோது ஜாவாஸ்கிரிப்டுக்குப் போனவன். இரண்டையும் பழகிய பின்னும், சந்தேகம் கேட்க ஆசிரியர் எவரும் அருகில் இல்லாமல் தானாகவே கற்க உட்காரும் ஒருவருக்குப் பைத்தானைத்தான் சொல்வேன். சி மொழியைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. கணினியின் நினைவகம் எப்படிக் கையாளப்படுகிறது என்பதை அது நன்றாகவே கற்றுத்தரும். ஆனால் மதிப்புகளை வரிசையாக வைக்கும் அணியில் (அரே) ஐந்து இடங்கள் மட்டுமே இருக்கும்போது ஏழாவது இடத்தைக் கேட்டால் நிரல் நிற்குமா, ஏதோ ஓர் எண்ணைத் தருமா என்பதற்கு அம்மொழியின் வரையறையே உறுதி தருவதில்லை என்பதால், இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

பொதுவான செய்திகளை விரைவாகக் கடந்துவிடலாம். இரண்டும் இலவசம், எல்லா வகைக் கணினிகளிலும் ஓடும், இரண்டுக்கும் பாடங்கள் ஏராளம். தரவுப் பகுப்பாய்வும் இயந்திரக் கற்றலும் பைத்தான் பக்கம் சாய்ந்தவை. உலாவிக்குள் இயங்குபவை ஜாவாஸ்கிரிப்ட் பக்கம். முதல் மொழி எதுவானாலும் லூப் (ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல்), நிபந்தனை, ஃபங்ஷன் (பெயரிட்டு அழைக்கும் நிரல் பகுதி) ஆகிய அடிப்படைகள் ஒன்றுதான் என்று சொல்வார்கள்; அதுவும் சரியே. ஆனால் கற்பவர் தவறு செய்யும்போது மொழி என்ன செய்கிறது என்பதில் இரண்டும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இந்த வேறுபாடே என்பது என் எண்ணம். ஏனெனில் தொடக்கத்தில் ஒருவருக்கு நிரல் எழுத ஆகும் நேரத்தைவிட, எழுதியது ஏன் சரியாக ஓடவில்லை என்று தேட ஆகும் நேரமே அதிகம்.

பயனர் திரையில் உள்ள உள்ளீட்டுக் கட்டம் ஒன்றில் 5 என்று தட்டுகிறார் என்று கொள்வோம். அது எண்ணாக அல்லாமல் எழுத்துகளின் தொடராக, அதாவது எழுத்துச் சரமாகத்தான் நிரலுக்குள் வருகிறது. அதனோடு 3 ஐக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டி 53 என்று விடை தரும். அதே சரத்திலிருந்து 3 ஐக் கழிக்கச் சொன்னாலோ, அதை எண்ணாக மாற்றிக்கொண்டு 2 என்று சரியாகவே சொல்லும். பைத்தானில் இந்தக் கூட்டல் டைப் எரர் (வகைப் பிழை) என்ற அறிவிப்போடு அந்த வரியிலேயே நின்றுவிடும். சரத்தோடு சரத்தைத்தான் ஒட்ட முடியும், எண்ணை ஒட்ட முடியாது என்று காரணமும் எழுதிக் காட்டும்.

இன்னும் சங்கடமான இடங்கள் உண்டு. விலை, எண்ணிக்கை என்று இரண்டு மதிப்புகளை வாங்கிப் பெருக்கும் ஃபங்ஷனுக்கு ஒன்றை மட்டும் கொடுத்து அழைத்தால், ஜாவாஸ்கிரிப்ட் விடுபட்டதை அன்டிஃபைண்ட் (மதிப்பு தரப்படவில்லை) என்று வைத்துக்கொண்டு பெருக்கி, 'எண் அல்ல' என்று பொருள்படும் நேன் என்ற மதிப்பைத் தருகிறது. அந்த மதிப்பு அடுத்தடுத்த கணக்குகளிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்து, கடைசியில் திரையில் தெரியும்போது அது எங்கே பிறந்தது என்ற தடயமே இருப்பதில்லை. பெயரோடு மதிப்பைச் சேர்த்து வைக்கும் ஓர் ஆப்ஜெக்டில் இருக்கும் பெயரை ஓர் எழுத்துப் பிழையோடு கேட்டாலும் இதே கதைதான்: கேட்ட இடத்தில் அன்டிஃபைண்ட் அமைதியாக வந்துவிடும், அதற்குள் இருக்கும் எதையாவது படிக்க முயலும் வேறொரு வரியில்தான் நிரல் நிற்கும். அதாவது பிழைச்செய்தி காட்டும் வரி ஒன்று, பிழை இருக்கும் வரி வேறொன்று. அனுபவம் உள்ளவர் இதைப் பின்னோக்கித் தேடிப் பிடித்துவிடுவார். முதல் மாதத்தில் இருப்பவரோ குற்றமற்ற வரியைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பார். பைத்தான் முதல் நேர்வில் எந்த மதிப்பு விடுபட்டது என்பதைப் பெயரோடு சொல்லும். இரண்டாவதில், ஆப்ஜெக்டுக்கு இணையான டிக்‌ஷனரியில் அப்படி ஒரு பெயர் இல்லை என்று கேட்ட வரியிலேயே நிற்கும்.

10, 9, 1 என்ற பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னால், தனியாக விதி எதுவும் தராதபோது ஜாவாஸ்கிரிப்ட் எண்களைச் சரங்களாக ஒப்பிட்டு 1, 10, 9 என்று அடுக்கும். மொழியின் வரையறைப்படி இது பிழையே இல்லை என்பதுதான் வேடிக்கை.

இந்தத் தாராள குணத்துக்கு வரலாற்றுப் பின்னணியும் உண்டு. 1995 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் சுமார் பத்து நாள்களில் இம்மொழியின் முதல் வடிவத்தைச் செய்தார். பிழை நேர்ந்ததை அந்த இடத்திலேயே அறிவித்து வேறிடத்தில் அதைக் கையாளும் வசதி 1999 இல் வந்த மூன்றாம் தரநிலையில்தான் சேர்ந்தது. 1991 இல் கீடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தானின் முதல் பதிப்பிலேயே அவ்வசதி இருந்தது. பைத்தான் பிழைச்செய்திகளும் அண்மைக்காலத்தில் நன்கு மேம்பட்டுள்ளன: 2021 இல் வந்த 3.10 பதிப்பு, தவறாக எழுதிய பெயருக்கு 'இதையா சொல்ல வந்தீர்கள்' என்று சரியான பெயரை முன்வைக்கிறது. அடுத்த ஆண்டு வந்த 3.11, பிழை வரியின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைக் குறியிட்டே காட்டுகிறது.

பைத்தானும் எல்லாத் தவறுகளையும் பிடித்துவிடுவதில்லை. மேலே சொன்ன 5 என்ற சரத்தை 3 ஆல் பெருக்கச் சொன்னால் முறையிடாமல் 555 என்று தரும். மதிப்பு இடும்போது மாறியின் (மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்) பெயரைப் பிழையாக எழுதினால், புதிதாக ஒரு மாறியை உருவாக்கிக்கொண்டு ஓடும். 2009 இல் ஜாவாஸ்கிரிப்டில் சேர்ந்த கண்டிப்பு முறையோ (ஸ்டிரிக்ட் மோட்) அறிவிக்கப்படாத பெயருக்கு மதிப்பு இட விடாது. இந்த ஒரு விஷயத்தில் ஜாவாஸ்கிரிப்டே மேல். நிறுவலிலும் பைத்தான் சற்றுத் தொல்லை தரும்: ஒரே கணினியில் இரண்டு பதிப்புகள் சேர்ந்துவிட்டால், கூடுதல் தொகுப்புகள் எதில் போய் அமர்ந்தன என்பது புதியவருக்குப் புரியாது. எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தானி என்ற நிரல் எழுதும் செயலி தனக்குள்ளேயே பைத்தானைக் கொண்டு வருவதாலும், மாறிகளின் மதிப்பைப் படிப்படியாகக் காட்டுவதாலும், இந்தச் சிக்கலைப் பல மாதங்கள் தள்ளிப்போட உதவும்.

ஜாவாஸ்கிரிப்டின் பெரிய பலம் எதையும் நிறுவத் தேவையில்லை என்பதே. உலாவி இருந்தால் போதும். எழுதியது உடனே பக்கத்தில் அசையும், நிறம் மாறும், இணைப்பை அனுப்பினால் நண்பரும் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியும் விளைவு இல்லாவிட்டால் ஆர்வம் வற்றிவிடும் என்று தன்னைப் பற்றி அறிந்தவருக்கு, நான் சொன்ன குறைகள் அனைத்தையும் மீறி அதுவே பொருந்தலாம். மதிப்பின் வகையைச் சரிபார்க்க 2012 இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட், இந்தக் குறைகளில் பலவற்றை நிரல் ஓடுவதற்கு முன்பே காட்டிவிடும். ஆனால் அதைச் சிறு வேலைகளில் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால், முதல் மொழியாகவே அதை எடுக்கலாமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது.

அப்படி ஜாவாஸ்கிரிப்டைத் தேர்ந்தெடுப்பவர் முதல் நாளே உலாவியின் கன்சோலை, அதாவது செய்திகள் காட்டும் பலகத்தை, திறந்துவைத்துப் பழக வேண்டும். பல உலாவிகளில் எஃப் 12 விசை அதைத் திறக்கும். பிழைச்செய்திகள் அங்கேதான் விழுகின்றன. அதை மூடிவைத்தவருக்கு, பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்பது மட்டுமே தெரியும். கண்டிப்பு முறையை இயக்கும் வரியை ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதிவிடுவதும், பயனரிடமிருந்து வரும் எதையும் கணக்கில் சேர்க்கும் முன் அதன் வகையைக் கன்சோலில் ஒருமுறை அச்சிட்டுப் பார்ப்பதும், பைத்தான் தானாகவே செய்யும் காவலில் பாதியையாவது ஈடுசெய்யும்.