சின்னம் கோணாமல் ஒட்ட: பின், டேப், திரவப் பசை

டிக்கியில் எழுத்துச் சின்னம் ஒட்ட நான் முதன்முதலில் கையில் எடுத்தது ரசமட்டம். குமிழி நட்டநடுவில் நின்றது, நம்பி ஒட்டினேன். நாலு எட்டு பின்னால் வந்து பார்த்தால் எழுத்து வரிசை வலப்பக்கம் ஏறிக் கிடந்தது. ரசமட்டத்தில் ஒரு குறையும் இல்லை. வண்டி நின்ற தரைதான் சாய்வு, போதாததற்கு ஒரு டயரில் காற்றும் குறைவு. பூமிக்குச் சின்னம் நேராகத்தான் இருந்தது. ஆனால் பார்ப்பவர் கண் பூமியைப் பார்ப்பதில்லை. டிக்கியின் விளிம்பு, நம்பர் பிளேட், இரண்டு விளக்குகளுக்கும் நடுவே ஓடும் மடிப்பு, இவற்றோடு சேர்த்துத்தான் சின்னத்தைப் பார்க்கிறது. சுவருக்கு நூல் பிடிப்பது போல வண்டிக்குப் பிடிக்க முடியாது. இங்கே நூல் என்பது அந்த உடம்பின் கோடுகள்தான்.

அதற்குப் பிறகு மூன்று வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன்: துளையில் செருகும் பின், இரட்டைப் பக்க ஃபோம் டேப், திரவப் பசை. எது அதிக நாள் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கோணல் எந்தக் கட்டத்தில் நுழைகிறது, நுழைந்தால் திருத்த எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கேட்பதே பயன் தரும். இதில் மூன்றும் மூன்று விதம்.

முதுகில் பின் வைத்த சின்னம்

தகட்டில் கம்பெனியே போட்ட துளை இருந்தால் இதற்கு மிஞ்சிய வழி இல்லை. பிஎம்டபிள்யூவின் பல மாடல்களில் பானட்டில் இருக்கும் 82 மி.மீ. வட்டச் சின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் இரண்டு பின்கள். அவை தகட்டின் துளைகளில் உட்கார்ந்து பின்னை இறுகப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையங்களில், அதாவது குரோமெட்டுகளில், இறங்கும். நேர் பார்க்கும் வேலையைத் துளை ஏற்கெனவே முடித்துவிட்டது. பழைய குரோமெட் தளர்ந்திருந்தால் மட்டும் புதிது போட வேண்டும். தளர்ந்ததில் செருகினால் சின்னம் ஆடும்.

துளை இல்லாத இடத்தில் நாமே டிரில் போடுவது முற்றிலும் வேறு கதை. இரண்டு பின்களுக்கு இடையே 60 மி.மீ. தூரம் என்று வையுங்கள். டிரில் முனை வழுக்கி ஒரு துளை 1 மி.மீ. கீழே போனால் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி. சின்னம் 120 மி.மீ. நீளமென்றால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 2 மி.மீ. ஏற்ற இறக்கம். பக்கத்தில் ஒரு மடிப்புக் கோடு ஓடினால் வழியில் போகிறவர் கண்ணிலும் அது படும். அழிக்கவும் வழியில்லை, துளையை அடைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். பெயின்ட் போன துளை விளிம்பில் துரு பிடிக்கும், உள்ளே தண்ணீர் இறங்கும், தகட்டுக்குப் பின்னால் ஒயர் போகிறதா என்பதும் வெளியிலிருந்து தெரியாது. துளை ஏற்கெனவே இருந்தால் பின் வைத்த சின்னத்தைப் போடுங்கள். புதுத் துளை மட்டும் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

திரவப் பசை

கேட்பதற்கு இதுதான் கருணை உள்ள வழி. உடனே பிடிக்காது, நகர்த்திச் சரிசெய்யலாம் என்று தோன்றும். சிலிக்கோன் பசையில் அது உண்மைதான், சில நிமிடங்கள் தாராளமாக நகர்த்தலாம். ஆனால் நமக்குக் கிடைக்கும் அதே அவகாசம் சின்னத்துக்கும் கிடைக்கிறது. செங்குத்தான டிக்கித் தகட்டில் ஈரப் பசை மேல் உட்கார்ந்த உலோகச் சின்னம் தன் எடையாலேயே மெல்ல இறங்கும். ராத்திரி நேராக விட்டுப் போனது காலையில் ஒரு பக்கம் தொங்கி நிற்கும். மாஸ்கிங் டேப்பால் இழுத்துக் கட்டிவைத்தால் தடுக்கலாம். வினிகர் வாசனை வரும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், வெறும் உலோகத்துக்கு ஆகாது. எந்தச் சிலிக்கோனாக இருந்தாலும் அதன் எச்சம் தகட்டில் கொஞ்சம் தங்கிவிட்டால் பின்னாளில் அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் சிறு சிறு பள்ளமாக விலகி நிற்கும்.

சூப்பர் குளூ இதற்கு நேர் எதிர். அவகாசமே தராது, காய்ந்த பிறகு விறைத்து அதிர்வில் விட்டுக்கொள்ளும், சின்னத்தைச் சுற்றி வெள்ளைப் படலம் பூக்கும். இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்சி உறுதியானதுதான், ஆனால் கழற்றும் நாளில் பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வரும்.

ஃபோம் டேப்

புது இடத்தில் ஒட்டுவதானால் என் கை போவது இதற்குத்தான். 3எம் நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த விஎச்பி (மிக உறுதியாக ஒட்டும்) வகை அக்ரிலிக் ஃபோம் டேப்பும் அதன் உறவுக்காரர்களும்தான் இன்று வண்டிச் சின்னங்களின் முதுகில் அதிகம் இருக்கின்றன. சுமார் 1 மி.மீ. கனமுள்ள ஃபோம் தகட்டின் லேசான வளைவை வாங்கிக்கொள்ளும். வெயிலில் தகடு ஓர் அளவும் சின்னம் ஓர் அளவும் விரியும்போது நடுவில் நெளிந்தும் கொடுக்கும். விறைத்த பசைகளால் இது முடியாது.

பிடிமானம் படிப்படியாக ஏறும். அறை வெப்பத்தில் 20 நிமிடத்தில் ஏறத்தாழ பாதி, 24 மணி நேரத்தில் 90 சதவீதம், 72 மணி நேரத்தில் முழுமை. ஒட்டும்போது தகடு 21 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, முழுக்க உலரவிட வேண்டும். மெழுகோ செராமிக் கோட்டிங்கோ அடியில் இருந்தால் டேப் பெயின்ட்டைப் பிடிக்காமல் அதைத்தான் பிடிக்கும். பாலிபுரோப்பைலீன் பிளாஸ்டிக் பம்பரில், பிடிமானத்துக்கு முதலில் பூசும் அதற்கான பிரைமரைத் தடவாமல் ஒட்டினால் நிற்காது. டேப்பைச் சின்னத்தின் ஓரத்திலிருந்து 1 அல்லது 2 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டினால் வெளியே பிசிறு தெரியாது.

ஒரே சிக்கல், தொட்ட நொடியே பற்றிக்கொள்ளும். ஆகவே டேப்பில் நேர் பார்க்கும் வேலை முழுவதும் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதை முடிக்கும் வழிகளுக்குள்தான் உண்மையான போட்டியே இருக்கிறது.

கண்ணை மட்டும் நம்பி வைப்பது முதல் வழி. பத்துக்குப் பத்து வெற்றி பெற்றவரை நான் பார்த்ததில்லை. வைக்கும் கை தகட்டுக்கு அரை அடி தூரத்தில், முகம் ஏதோ ஒரு பக்கத்தில். அந்தக் கோணத்தில் எதுவும் நேராகத் தெரியாது.

இரண்டாவது, மாஸ்கிங் டேப் வேலி. சின்னத்தின் அடிவிளிம்பு உட்காரப்போகும் கோட்டில் ஒரு டேப், இடது ஓரத்தில் இன்னொன்று. சின்னத்தை அந்த மூலையில் சாய்த்து அழுத்தினால் போதும். வேலி எதற்கு இணையாக ஓட வேண்டும் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். டிக்கி விளிம்பு நேர்கோடாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் லேசான வில். அதன் ஓர் இடத்திலிருந்து மட்டும் அளந்தால் அந்த இடத்தின் சாய்வுதான் சின்னத்துக்கு வரும். இடது விளக்கின் உள்மூலை, வலது விளக்கின் உள்மூலை என்று ஒரே ஜோடிப் புள்ளிகளிலிருந்து அளக்க வேண்டும். நடுவைக் கண்டுபிடிக்க எனக்கு அளவு நாடாவைவிட ஒரு காகிதப் பட்டைதான் பிடிக்கும். இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளி வரை காகிதத்தை வைத்து வெட்டி, இரண்டாக மடித்தால் மடிப்புதான் நடு. எண்ணே வேண்டாம், வளைந்த தகட்டில் நாடா காட்டும் அரை மில்லிமீட்டர் குழப்பமும் இல்லை. அகலமான மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டினால் வளைவில் அது வேறு பக்கம் ஓடும்; பெயின்டர்கள் கோடு பிடிக்கும் குறுகிய ஃபைன்லைன் டேப் சொன்னபடி நிற்கும்.

மூன்றாவது, காகித அச்சு. ஏற்கெனவே சின்னம் இருக்கும் இடத்தில் மாற்றுவதானால் இதை எதுவும் வெல்லாது. பழையதைக் கழற்றும் முன் சுற்றிலும் டேப் ஒட்டி, அதன் மேல் ஊடுருவித் தெரியும் காகிதத்தைப் பரப்பி, விளிம்பை வரைந்துகொள்ளுங்கள். கழற்றிவிட்டீர்களா? தகட்டை அவசரமாகப் பாலிஷ் போடாதீர்கள். பழைய சின்னம் மறைத்திருந்த இடத்தில் பெயின்ட் நிறம் கொஞ்சம் அழுத்தமாகவும் சுற்றி ஓர் அழுக்குக் கோடாகவும் நிழல் ஒன்று நிற்கும். அந்த நிழல்தான் கம்பெனி அளந்து வைத்த அளவு. அதைக் குறித்துக்கொண்ட பிறகு துடையுங்கள். தனித்தனி எழுத்துகளானால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் எழுத்துகளின் இடைவெளி ஸ்கேலுக்குக் கட்டுப்படாது. ஏ, வி போன்ற சரிவான ஆங்கில எழுத்துகளை மற்றவற்றின் அதே தூரத்தில் வைத்தால் நடுவில் பல் விழுந்த மாதிரி இருக்கும். ஓ போன்ற உருண்டை எழுத்தை மற்றவற்றின் அடிக்கோட்டிலேயே நிறுத்தினால் அது அந்தரத்தில் மிதப்பதாகத் தோன்றும். ஒரு மயிரிழை கீழே இறங்கினால்தான் கண்ணுக்குச் சமம்.

நான்காவது, கீல் முறை. டேப்பின் காகிதத்தை உரிக்காமலே சின்னத்தை இடத்தில் வைத்து, மேல் விளிம்பை மாஸ்கிங் டேப்பால் வண்டியோடு பிணைத்துவிட வேண்டும். இப்போது தள்ளி நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம். திருப்தியானதும் கதவைப் போல மேலே திறந்து, காகிதத்தை உரித்து, மூடினால் வைத்த இடத்திலேயே வந்து உட்காரும். புது இடத்துக்கு வேலியும் கீலும் சேர்ந்த கலவைதான் என் தேர்வு: வேலி கோட்டைச் சொல்லும், கீல் பார்த்துத் திருப்திப்பட நேரம் தரும். தகடு இரண்டு திசையிலும் வளைந்திருந்தால் மட்டும் கீல் சுருங்கி இழுக்கும். அங்கே உரிக்கும் காகிதத்தின் இரு முனைகளை ஓர் அங்குலம் மட்டும் உரித்து வெளியே மடித்துவிடுங்கள். அந்தச் சிறு பகுதி முதலில் லேசாகப் பிடிக்கும். கோணினால் எளிதில் எடுக்கலாம், சரியென்றால் மிச்சக் காகிதத்தை இழுத்துவிடலாம்.

சோப்புத் தண்ணீர் தெளித்து வழுக்கி நகர்த்தும் வித்தை மெல்லிய வினைல் ஸ்டிக்கருக்கானது. ஃபோமுக்கு அடியில் மாட்டிய ஈரம் உலோகத்துக்கும் சின்னத்துக்கும் நடுவே போக இடமில்லாமல் பிடிமானத்தைக் கெடுக்கும்.

முன் கிரில்லில் வேலை என்றால் ஒரு எச்சரிக்கை. சில வண்டிகளில் அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான் முன்வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார் இருக்கிறது. அதன் வழியை மறைக்காத பொருளால் செய்த சின்னம் அது. வேறொன்றை மாட்டுவதோ மேலே ஒன்றை ஒட்டுவதோ கூடாது.

கீலில் தொங்கும்போது பத்தடி தள்ளி, வண்டியின் நடுவுக்கு நேராக, சின்னத்தின் உயரத்துக்கே குனிந்து ஒரு போட்டோ எடுங்கள். அதைப் போனில் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். கண் பழகிப்போய் மன்னித்துவிட்ட சாய்வு, திருப்பிய படத்தில் துல்லியமாகத் தெரியும். சரியாக இருந்தால் காகிதத்தை உரித்து மூடி, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். மூன்று நாளைக்கு உயரழுத்தத் தண்ணீர் வேண்டாம். அதையும் மீறிக் கோணிவிட்டதா, அந்த முதல் 20 நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். ஹேர் டிரையரால் சூடாக்கி, தூண்டில் நரம்பைச் சின்னத்துக்குப் பின்னால் விட்டு ரம்பம் போல் இழுத்தால் ஃபோம் நடுவில் அறுபட்டு வரும். இழுபட்ட அந்த டேப்பை மறுபடி பயன்படுத்தாமல், புதிதாக வெட்டி ஒட்டுங்கள்.