வலி வரும் வரை நடப்பது: கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு ஒரு வருடத்துக்கு மேல் செய்து பார்த்ததில்

திருவொற்றியூர் தேரடியில் இறங்கி சன்னதித் தெருவில் நடந்தால், கோயில் வருவதற்குள் வலது கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும். கொஞ்சம் நின்றால் விட்டுவிடும், நடந்தால் மறுபடியும் பிடிக்கும். வயது 66, சர்க்கரை ரொம்ப வருடமாக இருக்கிறது. பெண்பிள்ளை கால் வலி என்றால் உடனே மூட்டுத் தேய்மானம் என்றுதானே சொல்வார்கள், எனக்கும் அதையே சொன்னார்கள். ரத்தக்குழாய் டாக்டர்தான் கையிலும் கணுக்காலிலும் பிபி எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பார்த்தார். 0.9க்குக் கீழே வந்தால் தமனியில், அதாவது காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில், அடைப்பு. நாள்பட்ட சர்க்கரையில் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிட்டால் இந்தக் கணக்கு பொய்யாக நல்லபடியே காட்டுமாம். அதனால் கால் கட்டைவிரலிலும் பார்த்தார்கள்.

மாத்திரையோடு முதலில் நடைப்பயிற்சி, பலன் இல்லையென்றால் மற்றதைப் பார்க்கலாம் என்றார். வாரம் 3 நாள், ஓய்வையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், குறைந்தது 12 வாரம். வலி ஆரம்பித்தவுடன் நிற்கக் கூடாது. இனி தாங்காது என்னும் நிலைக்குச் சற்று முன்புவரை போய், உட்கார்ந்து, வலி முழுக்க இறங்கியபின் மறுபடி எழ வேண்டும். முதலில் போன ஒரு பிசியோதெரபி இடத்தில் கரண்ட் மிஷினைக் கட்டிவிட்டு, “வலிச்சா நடக்கவே நடக்காதீங்கம்மா” என்று நேர்மாறாகச் சொன்னார்கள். இரண்டாவது இடத்துப் பிசியோதெரபிப் பெண் டிரெட்மில்லில் ஏற்றி, “வலிக்கு அஞ்சுக்கு எவ்வளவு மார்க் ஆன்ட்டி?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மூன்று என்றால் விடமாட்டாள், நான்கு என்றால் நிறுத்துவாள். கொடுத்த காசு அந்தக் கேள்விக்குத்தான் தகும். டிரெட்மில்லுக்கு இல்லை.

12 வாரம் முடிந்ததும் சொந்தமாக நடக்க வேண்டும். வடசென்னையில் எங்கே நடப்பது? எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரி. உள்தெருக்களில் நடைபாதை இருந்தால் அதன்மேல் பைக் நிற்கும். வடிவுடையம்மன் கோயில் பிராகாரம் சமதளம், நிழல், உட்கார இடம், எல்லாம் உண்டு. ஆனால் வெறுங்காலோடு சுற்ற வேண்டும். உணர்ச்சி குறைந்த சர்க்கரைக் காலில் கல் சுட்டாலும் குத்தினாலும் தெரியாது, ரத்தம் சரியாகப் போகாத காலில் புண் வந்தால் ஆறாது. அதனால் கும்பிட மட்டும் உள்ளே போகிறேன், நடப்பதெல்லாம் விடியற்காலையில் ஷூ போட்டு சன்னதித் தெருவில். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூட்டம், அன்றைக்கு லீவு. பூக்கார அம்மாவின் ஸ்டூல்தான் என் ஓய்விடம். “என்னக்கா, இன்னிக்கு நிக்காமப் போறீங்க?” என்று அவள் கேட்கும் நாள்கள் இப்போது கூடியிருக்கின்றன.

பக்கத்து வீட்டில் வெரிகோஸ் நோயாளி போடும் இறுக்கமான காலுறையை ஆசையாகக் கொடுத்தார்கள். அது சிரைக் கோளாறுக்கு, அதாவது ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில் வரும் கோளாறுக்கு. தமனி அடைத்த காலில் டாக்டரைக் கேட்காமல் மாட்டினால் உள்ள ஓட்டமும் குறையும். வெந்நீரில் கால் வைப்பதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால் குறைகிறதா, விரல் கறுக்கிறதா, புண் இருக்கிறதா, அப்போது இந்த நடையெல்லாம் கிடையாது. அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

எனக்கு முதல் மாதம் ஒன்றுமே தெரியவில்லை, எரிச்சல்தான் வந்தது. மாற்றம் மூன்றாம் மாதம் வாக்கில்தான். இப்போது கோயில் வரை ஒரே மூச்சில் போகிறேன், திரும்பும்போது ஒருமுறை உட்காருவேன். மறுபடி எடுத்த கணுக்கால் அளவு மட்டும் ஏறக்குறைய பழையபடியேதான். அடைப்பு அங்கேயே இருக்கிறது, கிடைக்கிற ரத்தத்தை வைத்து வேலை செய்யச் சதை பழகிக்கொண்டது என்றார் டாக்டர். நடுவில் மகள் வீட்டுக்குப் போய் நடையை விட்டபோது பழைய பிடிப்பு தலைகாட்டியது. மாத்திரைகளும் தொடர்கின்றன, ஒன்றும் குறைக்கவில்லை.