எம்கேவியா, எம்பி4-ஆ: சாட்ஸ்வொர்த் வீட்டு டிவிக்கு எது சரி?

அலமாரியில் இருந்த ப்ளூரே படங்களை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியபோது எல்லாவற்றையும் எம்பி4 கோப்பாக்காமல் எம்கேவி கோப்பாகவே வைத்துக்கொண்டேன். படத் தரத்தில் போட்டியே இல்லை. இரண்டும் வீடியோ, ஒலி, சப்டைட்டிலைச் சேர்த்து வைக்கும் வெறும் பெட்டிகள்; உள்ளே எச்.264 முறையில் சுருக்கிய ஒரே வீடியோ இருந்தால் திரையிலும் ஒரே படம்தான்.

எங்களுக்கு முடிவு செய்து கொடுத்தது சப்டைட்டில். எங்கள் சாட்ஸ்வொர்த் உள்ள தென்னாப்பிரிக்க டர்பன் நகரத்துத் தமிழ் வீடுகளில் இது தெரிந்த கதை: மாமியாருக்கு வசனம் காதில் விழுந்தால் போதும், பிள்ளைகளுக்குக் கீழே ஆங்கிலம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் முதல் பாட்டு முடிவதற்குள் ஃபோனை எடுத்துவிடுவார்கள்.

ப்ளூரே சப்டைட்டில் எழுத்தாக இருப்பதில்லை, ஒவ்வொரு வரியும் ஒரு படம். எம்கேவி அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. ரிமோட்டில் போடலாம், அணைக்கலாம். எம்பி4-க்குப் பொதுவாக எழுத்து சப்டைட்டில்தான் ஒத்துவரும். ஆக, படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளை ஓடவிட்டு, அது ஆங்கில எழுத்து ஐ-யை எல் என்று படித்த இடங்களையெல்லாம் திருத்திக்கொண்டு உட்கார வேண்டும். அது பிடிக்காவிட்டால் காட்சியின் மேலேயே பதித்துவிடலாம்; அப்புறம் மாமியார் தனியாகப் பார்க்கும்போதும் அது போகாது. எழுத்து சப்டைட்டில் உள்ள எஸ்ஆர்டி கோப்பைத் தனியாக வைப்பதும் உண்டு. பென் டிரைவில் படத்தை மட்டும் காப்பி செய்து கொடுத்துவிட்டு, எஸ்ஆர்டியை மறப்பதுதான் வழக்கம்.

எம்கேவி எல்லா டிவியிலும் ஒழுங்காக ஓடும் என்று சொல்ல மாட்டேன். சில டிவிகள் பட சப்டைட்டிலைக் காட்டாது. சிலவற்றில் டிடிஎஸ் ஒலி வராது. விஎல்சி என்ற வீடியோ ஆப் போட்ட ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்றைச் செருகியதும் எங்களுக்கு அந்தத் தொல்லை விட்டது. ஐபோன், ஐபேடு வைத்திருப்பவர்களுக்கு எம்பி4 சௌகரியம், சந்தேகமே இல்லை. எச்.264 வீடியோவும் ஏஏசி வகை ஒலியும் உள்ள எம்கேவியை மறு என்கோடிங் இல்லாமல், அதாவது மறுபடி சுருக்காமல், சில நிமிடங்களில் எம்பி4 ஆக்கிவிடலாம், தரம் குறையாது.

பழைய கல்யாண கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வதற்கும் எம்கேவிதான். நடுவில் லோட்ஷெட்டிங் என்று கரண்ட் போனால், சாதாரண எம்பி4 உள்ளே எது எங்கே என்ற அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும் என்பதால் மொத்தமும் திறக்காமல் போகும். எம்கேவியில் பெரும்பாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும்.

4கே-யில் எனக்குப் பழக்கம் குறைவு, எங்கள் டிவி 1080பி. டால்பி விஷன் என்ற உயர்தர வண்ண முறை உள்ள டிவி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதை எடுத்தாலும், டிவி எக்ஸ்ஃபாட் முறையைப் படிக்குமானால் பென் டிரைவை அதிலேயே ஃபார்மட் செய்யுங்கள். பழைய முறையான ஃபேட்32-இல் 4 ஜிபி தாண்டிய கோப்பு ஏறாது. ப்ளூரே படம் ஒன்றே பெரும்பாலும் 20 ஜிபியைத் தாண்டும்.