குரல் பின்தங்கினால் எதை மாற்றுவது: லைனையா, ஏற்பாட்டையா?

"அண்ணா, நான் அஞ்சாவது வரிக்குப் போயிட்டேன், குரல் இன்னும் ரெண்டாவது வரியைப் படிச்சிட்டு இருக்குதுங்க."

கோவையில் நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆடிட்டர் ஆபீஸில் பிரச்சினை இப்படித்தான் ஆரம்பித்தது. சொன்னவர் முற்றிலும் பார்வையில்லாத ஊழியர். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து ஆபீஸ் சர்வருக்குள் நுழைந்து எக்செல்லில் பில் ஏற்றுவார். முதல் வரியிலிருந்து கீழ் அம்புக்குறியை நாலு தட்டு தட்டுவார். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளிடமிருந்து "இரண்டு" என்று குரல் வரும். இரண்டாவது வரியில்தான் இருக்கிறோம் என்று தொகையை அடிப்பார், அது ஐந்தாவது வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாதக் கடைசியில் கணக்கு டேலி ஆகாது.

ஆடிட்டர் சார் சொன்ன தீர்வு ஒரே வரி: "லைனைப் பெருசாக்கிடுப்பா." லீஸ்டு லைனுக்கு, அதாவது ஆபீஸுக்கென்றே தனியாக வாடகைக்கு வரும் இன்டர்நெட் இணைப்புக்கு, கொட்டேஷனும் வாங்கிவிட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எல்லா வழிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் அந்தத் திரை படிக்கும் மென்பொருள். போட்டி பழையது: ஜாஸா, என்விடிஏவா? ஜாஸ் 1989-இல் டாஸ் காலத்தில் டெட் ஹென்டர் தொடங்கி வைத்தது. அவரே மோட்டார் சைக்கிள் பந்தயக்காரராக இருந்து விபத்தில் பார்வையை இழந்தவர். என்விடிஏ 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையில்லாத இளைஞர் ஆரம்பித்தது. ஜாஸுக்கு லைசென்ஸ் விலை உண்டு. வாங்காமல் ஓட்டினால் 40 நிமிடம்தான், அப்புறம் கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். என்விடிஏ முழுக்க இலவசம், பென் டிரைவில் போட்டுக்கொண்டு எந்த மேசையிலும் ஓட்டலாம். கூடவே வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் இருக்கிறது. கேட்க ரோபோ மாதிரிதான், ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொல் உடையாது. பழகியவர்கள் ஓட்டும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

வேலை வேர்டு, எக்செல், வெப்சைட் என்ற அளவில் நின்றால் என்விடிஏ போதும் என்பேன். குறிப்பிட்ட ஒரு மென்பொருளுக்கென்று ஸ்கிரிப்ட் எழுதி வளைக்க வேண்டிய இடத்தில் ஜாஸ் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. விண்டோஸோடு வரும் நரேட்டர் அவசரத்துக்கு ஆகும். நாள் முழுக்க அதை வைத்தே வேலை பார்க்கச் சொல்லாதீர்கள்.

எங்கள் சிக்கல் மென்பொருளில் இல்லை. அந்தக் குரல் எங்கே உருவாகிறது என்பதில் இருந்தது.

ரிமோட் டெஸ்க்டாப் (ஆபீஸ் சர்வரின் திரையை வீட்டில் காட்டும் விண்டோஸ் வசதி) வழியாக வேலை செய்யும்போது என்விடிஏ ஆபீஸ் சர்வரில் ஓடியது. அங்கே குரல் உருவாகி, ஒலியாக மாறி, துண்டு துண்டாக லைனில் ஏறி, வீட்டுக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் சேர்ந்த பிறகுதான் ஹெட்செட்டில் விழும். இதற்கு எம்பிபிஎஸ், அதாவது லைனின் கொள்ளளவு, அதிகம் வேண்டாம். ஒரு சாதாரண டெலிபோன் பேச்சு 64 கேபிபிஎஸ்ஸில் போய்விடும் (ஆயிரம் கேபிபிஎஸ் ஒரு எம்பிபிஎஸ்). இந்தியாவில் 'பிராட்பேண்ட்' என்று சொல்லிக்கொள்ளவே 2023 முதல் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும். ஆக, 100-ஐ 300 ஆக்கினாலும் குரல் சீக்கிரம் வந்துவிடாது. அகலமான ரோடு போட்டால் ஊர் பக்கத்தில் வந்துவிடுமா என்ன?

மாற்று வழி, குரலை வீட்டிலேயே உருவாக்குவது. என்விடிஏவின் ரிமோட் வசதி அப்படித்தான் வேலை செய்கிறது. முன்பு தனியாக ஆட்-ஆனாக (கூடுதல் மென்பொருளாக) போட வேண்டியிருந்தது, 2025.1 பதிப்பிலிருந்து உள்ளேயே வருகிறது. இந்தப் பக்கம் தட்டிய விசை அந்தப் பக்கம் போகும், அங்கே படிக்க வேண்டிய சொற்கள் எழுத்தாகவே திரும்பி வரும், பேசுவது வீட்டுக் கம்ப்யூட்டர். திரைப் படமும் ஒலியும் லைனில் ஏறுவதே இல்லை. இரண்டு பக்கமும் என்விடிஏ ஓட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ரிமோட் டெஸ்க்டாப்பையே வைத்துக்கொள்ள விரும்பினால் ஆர்டி ஆக்சஸ் என்ற ஆட்-ஆன் அதே வேலையை அதற்குள் செய்கிறது. ஜாஸிலும் இதற்கு வழி உண்டு. ஆனால் லைசென்ஸில் ரிமோட் வசதியும் சேர்ந்திருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குறை இருக்கிறது. ரிமோட் வசதி பொதுவாக இடையில் ஒரு சர்வர் வழியாகப் போகிறது. என்க்ரிப்ட் ஆகிப் போனாலும், கட்சிக்காரர் கணக்கு வெளியார் சர்வர் வழியாகப் போவதா என்று ஆடிட்டர்கள் முகம் சுளிப்பார்கள். நேரடியாக இணைக்கலாம், அதற்கு ஆபீஸில் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) அல்லது விபிஎன் (வெளியார் பார்க்க முடியாத தனிப் பாதை) வேண்டும். சாதாரண பிராட்பேண்டில் நமக்கென்று தனி ஐபி பெரும்பாலும் கிடைக்காது, பல வாடிக்கையாளர்கள் ஒன்றைப் பகிர்ந்துகொள்வார்கள். காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

சரி, அந்தக் கொட்டேஷன். லீஸ்டு லைனில் அப்லோடும் டவுன்லோடும் ஒரே வேகம், யாரோடும் பகிர்வு கிடையாது, லைன் விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் சரி செய்வார்கள் என்று எஸ்எல்ஏ என்ற சேவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கும். பிராட்பேண்டில் பகிர்வு உண்டு, எஃப்யூபி (டேட்டா வரம்பு) தாண்டினால் வேகம் இறங்கும், ரிப்பேருக்கு வருகிறவர் வரும்போது வருவார். அதே எம்பிபிஎஸ்ஸுக்கு விலை பல மடங்கு வித்தியாசம். இரண்டிலும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பதிவுள்ள நிறுவனமானால் அதை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு காலை முழுக்க பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று அளக்கும் கட்டளை) ஓட்டிப் பார்த்தேன். பத்தரை வரை 20 மில்லிசெகண்டுக்குள் அமைதியாக இருந்தது. பதினொன்றுக்கு 400-ஐத் தாண்டியது. என்ன என்று பார்த்தால், பழைய பைல்களின் கிளவுட் பேக்கப் பதினொரு மணிக்கு ஆரம்பிக்கிறது, கூடவே எட்டு சிசிடிவி கேமராக்கள் வீடியோவை மேலே ஏற்றுகின்றன. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு வருவதெல்லாம் ஆபீஸின் அப்லோடு வழியாகத்தான் போக வேண்டும் என்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். பேக்கப்பை இரவு பத்துக்குத் தள்ளினேன், கேமராக்களின் அப்லோடுக்கு ரூட்டரில் வரம்பு வைத்தேன். செலவு பூஜ்யம். விற்க வந்தவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

லீஸ்டு லைன் வீண் என்று சொல்லவில்லை. முப்பது பேர் நாள் முழுக்க வெளியிலிருந்து சர்வருக்குள் இருந்தால் நானே வாங்கச் சொல்வேன். ஒன்றிரண்டு பேருக்கு, இரண்டு வேறு கம்பெனிகளின் பிராட்பேண்ட், ஒன்று விழுந்தால் மற்றதுக்குத் தாவும் ரூட்டர், அதில் ஒன்றில் ஸ்டாட்டிக் ஐபி என்பது என் தேர்வு. இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு லாரி போதும்.

அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது என்றும் பேச்சு வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 21-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் தனியார் நிறுவனமானால் உதவிக் கருவிகளுக்கு என்ன ஏற்பாடு என்பதும் அதில் இடம்பெற வேண்டும். எங்கள் ஆபீஸில் 23 பேர். அளவுக்கு மீறிய சுமை ஏற்றாத மாற்றங்களைத்தான் சட்டம் நியாயமான ஏற்பாடு என்கிறது. ஸ்டாட்டிக் ஐபி வாடகையைச் சுமை என்று சொல்ல எந்த ஆடிட்டருக்கும் மனசு வராது. ஆபீஸ் செலவிலேயே எழுதினார்கள்.

இன்னொரு ஊழியருக்குக் குறைபார்வை. அவருக்குக் கணக்கே வேறு. சர்வருக்குள், திரையைப் பெரிதாக்கிக் காட்டும் மாக்னிஃபையரை ஓட்டினால் மவுஸ் அசையும் ஒவ்வொரு முறையும் திரை முழுக்கப் புதிதாக வரையப்பட்டு லைனில் வருகிறது. இங்கே எம்பிபிஎஸ் உண்மையாகவே கரையும். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் லைனுக்குப் பாரமில்லை, ஆனால் எழுத்து பெரிதாகும்போது பிசிறு தட்டும். இரண்டையும் விட, வீட்டுக் கம்ப்யூட்டரின் விண்டோஸில் ஸ்கேலிங்கை (எழுத்து, ஐகான் அளவை) உயர்த்திவிட்டு அப்புறம் ரிமோட்டில் இணைவது மேல். சர்வரே எழுத்தைப் பெரிதாக வரைந்து அனுப்பும். ஜூம்டெக்ஸ்ட் என்ற திரை பெரிதாக்கும் மென்பொருள் வாங்கலாமா என்று கேட்டேன். ஒரு வாரம் டிரையல் போட்டுப் பார்த்துவிட்டு, "மானிட்டரைக் கிட்ட இழுக்க ஒரு ஆர்ம் வாங்கிக் குடுங்கண்ணா, போதும்" என்றார்.

வாங்கினோம். இப்போது இரண்டு வீடியோ கால்களுக்கு நடுவே அவர் திரையை முகத்துக்கு ஒரு சாண் தூரத்துக்கு இழுத்து, கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வைத்து பில் நம்பரைப் படிக்கிறார். ஜன்னல் முதுகுப் பக்கம் வருகிறது என்று மேசையையும் அவரே திருப்பிப் போட்டுக்கொண்டார்.