சுகர்காரர்களுக்கான கஞ்சி மாவு: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

'சுகர் உள்ளவர்களுக்கு' என்று விற்கிற சிறுதானியக் கஞ்சி மாவில் குறை பெரும்பாலும் மாவில் இல்லை, குடிக்கிற அளவில்தான். 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து சுமார் 67 கிராம், அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். நைஸாக அரைத்துக் குழையக் காய்ச்சினால் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும். ஒரு சொம்பு குடித்துவிட்டு 'கேழ்வரகுதானே' என்றால் சுகர் பார்க்கும் மீட்டர் கேட்காது.

வேளைக்கு 30 கிராம் மாவு, உத்தேசமாக 3 மேசைக்கரண்டி. மோர் விட்டு, தொட்டுக்கொள்ள அவித்த முட்டை அல்லது அரைக் கிண்ணம் சுண்டல். டயட்டீஷியனிடம் போனாலும் பெரும்பாலும் இதையொட்டிய கணக்கில்தான் தொடங்குவார். முதல் வாய் வைத்து 2 மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 180 mg/dL-ஐத் தாண்டினால் கஞ்சியைக் குறையுங்கள்; மாத்திரை அளவில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

உட்பொருள் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரினோ (சர்க்கரையை வேகமாக ஏற்றும் மாவுச்சத்துப் பொடி) வெல்லமோ முன்னால் இருந்தால் அந்த பாக்கெட் வேண்டாம். கொரகொரப்பாக உடைத்த வரகு ரவை விலையும் பெரும்பாலும் குறைவு, மெல்லவும் வைக்கும்.